ஒரே கதிரில் இரண்டு தலைமுறை: இனிப்பு மக்காச்சோளத்தில் புதிய விதைவழியை உருவாக்கும் முறை

இனிப்பு மக்காச்சோளக் கதிர் ஒன்றின் உறையை உரித்துக் கையில் எடுக்கும்போது, நம் கையில் இரண்டு தலைமுறைகள் ஒன்றாக இருக்கின்றன. உறையும், கதிரின் நடுத்தண்டும், ஒவ்வொரு மணியையும் மூடியிருக்கும் மெல்லிய மேல்தோலும் தாய்ச்செடியின் உடலைச் சேர்ந்தவை. அந்தத் தோலுக்குள் இருக்கும் கருவும், கருவுக்கு உணவாக மாவையும் சர்க்கரையையும் சேர்த்து வைத்திருக்கும் முளைசூழ்தசையும் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை. மகரந்தம் தந்த செடிக்கும் அவற்றில் பங்கு உண்டு. சொந்தமாக ஓர் இனிப்பு வழியை, அதாவது தலைமுறை தலைமுறையாக ஒரே பண்புகளைத் தரும் விதைவழியை, உருவாக்க விரும்புகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான். எந்தப் பண்பு எந்தத் தலைமுறைக்கு உரியது என்று தெரியாமல் தேர்வு செய்தால், பல பருவ உழைப்பு தவறான செடியைக் காப்பாற்றுவதிலேயே கழிந்துவிடும்.

முளைசூழ்தசை உருவாகும் விதம் சற்று விந்தையானது. மகரந்தத் துகள் கொண்டுவரும் இரண்டு ஆண் உட்கருக்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று தாயின் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து முளைசூழ்தசையாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின் 1898-இல் கண்டறிந்தார். ஆகவே நாம் தின்னும் பகுதியில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. பங்கு குறைவாக இருந்தாலும் தந்தையின் ஓங்கு பண்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பு) அதே பருவத்தில், அதே கதிரில் வெளிப்பட்டுவிடும். இதைச் சீனியா என்பார்கள். அடுத்த வயலில் நிற்கும் தானிய மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து இனிப்புக் கதிரின் பட்டு இழைகளில் விழுந்தால், அந்த இழைகளுக்கு உரிய மணிகள் மாவு மணிகளாகவே திரளும். உண்பவருக்கு இது இழப்பு. ஆனால் பயிர்ப்பெருக்கம் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை, ஏனென்றால் அடுத்த தலைமுறையின் இனிப்பைச் செடி முளைக்கும் முன்பே கண்ணால் படித்துவிடலாம்.

இனிப்பைத் தரும் மரபணுக்கள்

இனிப்பு மக்காச்சோளத்தின் இனிப்பு, சர்க்கரையை மாவாக மாற்றும் வேலையில் ஏதோ ஒரு படி தடைபடுவதால் வருவது. எந்தப் படி தடைபடுகிறது என்பதைப் பொறுத்துச் சுவையும், மென்மையும், விதையின் முளைப்பும் வேறுபடுகின்றன.

பழைய இனிப்பு வகைகள் எல்லாம் நான்காம் குரோமோசோமில் உள்ள சுகரி1 என்ற மரபணுவின் ஒடுங்கு வடிவத்தை, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் வடிவத்தை, கொண்டவை. மாவின் கிளைகளைச் சீர்செய்யும் நொதி இவற்றில் குறைபடுவதால், நீரில் கரையும் ஃபைட்டோகிளைக்கோஜன் என்ற பொருள் மணியில் சேர்கிறது. பாலாடை போன்ற குழைவு அதனால் வருகிறது. மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஷ்ரங்கன்2 மரபணு, மாவாக்கத்தின் தொடக்கப் படியிலேயே வேலை செய்யும் ஒரு நொதியின் பெரிய துணைப்பகுதியை உருவாக்குவது. இதன் ஒடுங்கு வடிவம் இருந்தால் மாவு மிகக் குறைவாகவே சேரும். பறிக்கும் பருவத்தில் சர்க்கரை சுகரி வகையைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். அதே நொதியின் சிறிய துணைப்பகுதிக்கு உரியது பிரிட்டில்2. மாவுக்கான மூலப்பொருளை, மாவு உருவாகும் செல் உறுப்புகளுக்குள் கொண்டு சேர்க்கும் புரதத்திற்கு உரியது பிரிட்டில்1. ஹவாயில் உருவான வெப்பமண்டல இனிப்பு வகைகள் சில இதன் ஒடுங்கு வடிவத்தைக் கொண்டவை. இரண்டாம் குரோமோசோமில் உள்ள சுகரி என்ஹான்சர்1 தனித்து இனிப்புத் தருவதில்லை. சுகரி1-இன் பின்னணியில் சேரும்போது சர்க்கரையைக் கூட்டி மென்மையையும் தருகிறது.

ஷ்ரங்கன்2 உணவுப் பயிருக்குள் வந்த வரலாறு நினைவில் வைக்கத் தக்கது. அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் மணியின் நிறத்துக்குக் காரணமான ஏ1 என்ற மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஷ்ரங்கன்2 அதற்கு மிக நெருக்கமாக ஒரே குரோமோசோமில் இருப்பதால், சுருங்கிய மணிகளை அவர் அடையாளமாகப் பயன்படுத்தினார்; அவற்றை மென்று பார்த்தபோது வழக்கத்துக்கு மாறான இனிப்பை உணர்ந்தார். 1953-இல் அதன் பயனை எழுதி வெளியிட்டார். நெருங்கிய இரண்டு மரபணுக்கள் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்ற பிணைப்பு விதி, இங்கே ஓர் உணவுப் பயிரின் போக்கையே மாற்றியது.

தமிழ்நாட்டுச் சூழலுக்கு ஷ்ரங்கன்2-ஐத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்பது என் கருத்து. சுகரி வகையில் பறித்த சில மணி நேரத்திலேயே சர்க்கரை குறையத் தொடங்கும். குளிர்பதன வசதி இல்லாமல் தள்ளுவண்டியில் ஒரு நாள் நிற்கும் கதிருக்கு ஷ்ரங்கன் வகையின் தாங்கும் தன்மை தேவை. அந்த வகையின் பெரிய குறை, குளிர்ந்த மண்ணில் விதை முளைக்காமல் அழுகிப்போவது. நம் ஆடிப்பட்டத்திலும் தைப்பட்டத்திலும் மண் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

எந்த மரபணுவைத் தேர்ந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. சுகரி வகையையும் ஷ்ரங்கன் வகையையும் கலந்தால், இரண்டு பெற்றோரும் இனிப்பாக இருந்தும் பிறக்கும் மணி மாவு மணியாகவே இருக்கும். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் ஓங்கு வடிவத்தில் தந்து ஈடுசெய்துவிடுவதே காரணம். ஷ்ரங்கன்2-ஐயும் பிரிட்டில்1-ஐயும் கலந்தாலும் இதே கதைதான். விதைப் பொட்டலத்தில் ‘சூப்பர் ஸ்வீட்’ என்று மட்டும் போட்டிருந்தால், எந்த மரபணு என்று கேட்டு அறியாமல் கலப்பில் இறங்கக் கூடாது.

பன்முகத்தன்மையை எங்கிருந்து கொண்டுவருவது

இனிப்பு ஒரே மரபணுவால் வருவதால், அந்த மரபணு தற்செயலாகத் தோன்றிய சில வகைகளின் வழித்தோன்றல்களே இன்றைய இனிப்பு மக்காச்சோளத்தில் பெரும்பகுதி. அமெரிக்க இனிப்பு வகைகளில் பெரும்பாலானவை கோல்டன் பேன்டம், ஸ்டோவெல்ஸ் எவர்கிரீன், கன்ட்ரி ஜென்டில்மேன் போன்ற ஒரு சில வகைகளிலிருந்து கிளைத்தவை. 1902-இல் பர்ப்பி விதை நிறுவனம் கோல்டன் பேன்டத்தை விற்கத் தொடங்கியது; 1933-இல் வெளிவந்து பரவலாகப் பயிரிடப்பட்ட கோல்டன் கிராஸ் பேன்டம் கலப்பினத்தின் இரண்டு பெற்றோரும் அந்த ஒரே வகையிலிருந்து வந்தவை. சுவையை ஒரே பாதையில் தேடிய இந்தப் பயணத்தில் நோய் எதிர்ப்பும், வேரின் வலுவும், முளைக்கும் வேகமும் பின்தங்கிப்போயின.

குறுகிய மரபு வளத்தின் விலையை 1970-இல் அமெரிக்கா கண்டது. தானிய மக்காச்சோளக் கலப்பினங்களில் பெரும்பாலானவை ஒரே வகைச் சைட்டோபிளாசத்தை (தாய்வழி வரும், செல்லின் உட்கருவைச் சூழ்ந்த பொருளை) பகிர்ந்துகொண்டிருந்ததால், இலைக் கருகல் நோயின் ஒரு புதிய இனம் அந்த ஆண்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை அழித்தது. இனிப்பு மக்காச்சோளத்திலும் துரு நோய்க்கு ஆர்பி1-டி என்ற ஒற்றை மரபணுவையே பலர் நம்பியிருந்தனர். 1999-இல் அதை மீறும் துருப் பூசணம் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் தோன்றியது. ஒற்றை மரபணுவால் வரும் இனிப்பு நிலைத்திருக்கும், ஏனென்றால் இனிப்பை எதிர்த்துப் பரிணமிக்கும் எதிரி யாரும் இல்லை. ஒற்றை மரபணுவால் வரும் நோய் எதிர்ப்புக்கு அந்த உறுதி கிடையாது.

ஆகவே இனிப்பை இனிப்பு வகையிலிருந்தும், மற்றவற்றைத் தானிய மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அடிச்சாம்பல் நோய் பெரிய இடர். அதைத் தாங்கி நிற்கும் உள்ளூர்த் தானிய வகையே முதல் தேர்வு. ஒரே செடியில் பல கதிர்கள் தரும் சிக்கிம் பிரிமிட்டிவ் போன்ற வடகிழக்கு இந்திய நாட்டு வகைகள் வேறு வகையான செல்வம். நாட்டு வகைகளின் மாதிரிகள் புதுதில்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளங்கள் பணியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மக்காச்சோளத்திற்கென்றே லூதியானாவில் இந்திய மக்காச்சோள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சந்தையில் உள்ள பதிவு செய்யப்பட்ட கலப்பினத்தைப் பெற்றோராக எடுப்பதானால், 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் ஆராய்ச்சிக்காக அதைப் பயன்படுத்த இடம் தருகிறது என்பதையும், வணிக விதை உற்பத்திக்கு அதையே திரும்பத் திரும்பப் பெற்றோராக்க அனுமதி வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கையால் மகரந்தச் சேர்க்கை

மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து உச்சியிலும், பெண் கதிர் தண்டின் நடுவிலும் இருப்பதால் இந்த வேலைக்குக் கத்தரியோ சாமணமோ பெரிதாகத் தேவைப்படாது. வேண்டுவது காகித உறையிடும் ஒழுங்கு ஒன்றுதான். ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மணிக்கு உரியது. ஓர் இழை உறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றாலும் அந்த மணியின் தந்தை யார் என்று சொல்ல முடியாது.

இளங்கதிர் இலைக்கக்கத்தில் தலைகாட்டியதும், பட்டு வெளிவரும் முன்பே, பட்டர் பேப்பர் உறையால் அதை மூடிவிட வேண்டும். உறைக்குள் பட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், மாலையில் கதிரின் நுனியைப் பட்டோடு சேர்த்து இரண்டு மூன்று செ.மீ. வெட்டிவிட்டு மீண்டும் மூட வேண்டும். மறுநாள் காலையில் எல்லா இழைகளும் தூரிகை போல ஒரே நீளத்தில் வளர்ந்து நிற்கும். அதே மாலையில் தந்தைச் செடியின் உச்சிப் பூங்கொத்தைத் தடித்த பழுப்புக் காகித உறையால் மூடிக் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். இந்த வேலையை முந்தைய நாளே செய்வதற்குக் காரணம் உண்டு: பூங்கொத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் அயல் மகரந்தம் இரவுக்குள் உயிர்த்திறனை இழந்துவிடும்.

மறுநாள் காலை பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறும் முன், ஏறத்தாழ ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் பூங்கொத்தை வளைத்து உறையைத் தட்டினால் மஞ்சள் தூளாக மகரந்தம் சேரும். கதிரின் உறையை நீக்கிய அதே நொடியில் மகரந்தத்தைப் பட்டின் மேல் கொட்டி, பழுப்பு உறையால் கதிரைத் தண்டோடு சேர்த்து மூடிப் பின் அடிக்க வேண்டும். உறையின் மேல் தாயின் எண்ணை முதலிலும் தந்தையின் எண்ணை அடுத்தும் எழுதித் தேதியிட வேண்டும். எழுத்துக்கு மெழுகுப் பென்சில் நல்லது, மை மழையில் கரைந்துவிடும். வேறொரு செடிக்குப் போகும் முன் கைகளைத் துடைத்துக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆண் பூங்கொத்து பெண் கதிருக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே மகரந்தம் உதிர்க்கத் தொடங்கும். உள்ளூர்த் தானிய வகைக்கும் இனிப்பு வகைக்கும் பூக்கும் நாள் வேறுபடும் என்பதால், இரண்டில் ஒன்றை ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைப்பது பாதுகாப்பானது.

மணிகளைப் படித்தல்

முதல் பருவத்தில் உள்ளூர்த் தானிய வகையைத் தாயாகவும் ஷ்ரங்கன் வகையைத் தந்தையாகவும் கொண்டு கலக்கிறோம் என்று கொள்வோம். கிடைக்கும் மணிகள் அனைத்தும் பருத்தவை. இரண்டாம் பருவத்தில் அவற்றை விதைத்து, ஒவ்வொரு செடியையும் தன் மகரந்தத்தாலேயே சேர்க்கை செய்தால், காய்ந்த கதிரில் மூன்று பருத்த மணிக்கு ஒரு சுருங்கிய மணி என்ற கணக்கில் காணலாம். சுருங்கிய மணிகளை மட்டும் பிரித்தெடுத்தால், இனிப்பு அந்தக் கணத்திலேயே நிலைபெற்றுவிட்டது. இனி அந்த மரபணுவைத் தேட வேண்டியதில்லை.

எண்ணிப் பார்ப்பது அவசியம். 400 மணிகள் கொண்ட கதிரில் 312 பருத்ததும் 88 சுருங்கியதும் இருந்தால், எதிர்பார்த்த 300-க்கும் 100-க்கும் இடையே உள்ள வேறுபாடு கவலைக்கு உரியதா? வேறுபாடு இரண்டிலும் 12; அதன் வர்க்கம் 144. 144-ஐ 300-ஆலும் 100-ஆலும் வகுத்துக் கூட்டினால் 1.92 வரும். கை-வர்க்கச் சோதனையில் (கண்ட எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து தற்செயலாக இவ்வளவு விலகுமா என்று பார்க்கும் கணக்கில்) இதற்கான எல்லை 3.84, அதற்குள் இருப்பதால் இது தற்செயல் வேறுபாடே. எல்லையைத் தாண்டினால் உறையிடுவதில் எங்கோ கசிவு இருந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். சுகரி வகையும் ஷ்ரங்கன் வகையும் கலந்து பிறந்த செடியைத் தன் மகரந்தத்தாலேயே சேர்க்கை செய்து, அந்தக் கதிரை இப்படி எண்ணினால் 9 : 3 : 4 என்ற விகிதம் வரும்: ஒன்பது பங்கு பருத்தவை, மூன்று பங்கு கண்ணாடி போல் சுருக்கம் விழுந்த சுகரி மணிகள், நான்கு பங்கு குழிந்து சுருங்கிய ஷ்ரங்கன் மணிகள். பதினாறில் ஒன்றான இரட்டை ஒடுங்கு மணியும் பார்வைக்கு ஷ்ரங்கனைப் போலவே இருப்பதால் கடைசி இரண்டு வகுப்புகள் ஒன்றாகிவிடுகின்றன.

தானிய வகையின் பங்கு சரிபாதியாக இருந்தால் தடித்த மேல்தோலும் கரடான சுவையும் கூடவே வரும். அதனால் முதல் தலைமுறைக் கலப்புச் செடியை இனிப்புப் பெற்றோரோடு ஒருமுறை மீள்கலப்புச் செய்து, தானிய வகையின் பங்கைக் கால் பகுதியாகக் குறைத்துக்கொள்வதை நான் விரும்புகிறேன். இந்தக் கதிரில் பருத்ததும் சுருங்கியதும் சரிபாதியாக இருக்கும், சுருங்கியதை எடுத்துக்கொள்ளலாம்.

மாறாக, மனத்துக்குப் பிடித்த நாட்டு வகையையே இனிப்பாக்க நினைப்பவருக்குப் பாதை கடினம். நாட்டு வகையோடு மீள்கலப்புச் செய்த கதிரில் எல்லா மணியும் பருத்தே இருக்கும். அவற்றில் பாதி மட்டுமே இனிப்பு மரபணுவை மறைத்து வைத்திருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. மீள்கலப்பில் பிறந்த செடி ஒவ்வொன்றின் மகரந்தத்தையும் ஒரே காலையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை அதன் சொந்தக் கதிருக்கும் மறு பங்கை நாட்டு வகைக் கதிர் ஒன்றுக்கும் இட வேண்டும். அறுவடையில் சொந்தக் கதிரில் சுருங்கிய மணி தென்பட்ட செடி மரபணுவைச் சுமந்தது; அதன் இணையான நாட்டுக் கதிரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். ஒரு பருவம் மிச்சமாகும். நாட்டு வகையின் பங்கு 50-இலிருந்து 75, 87.5, 93.75 விழுக்காடு என ஏறும்.

தாய்க்கு உரிய பண்புகளும் பல மரபணுப் பண்புகளும்

இனிப்பு இரண்டு பருவத்தில் நிலைபெற்றாலும், தின்னத் தகுந்த கதிராவதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. பல்லில் சிக்காத மெல்லிய தோல் அதில் முதன்மையானது. தோல் தாயின் திசு என்பதால், சுருங்கிய மணிகள் நிறைந்த ஒரு கதிரில் எல்லா மணிகளின் தோலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே கதிரிலிருந்து மென்தோல் மணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த மணிகளை விதைத்து, வரும் செடிகளின் கதிர்களைத் தனித்தனியாகத் தின்று பார்த்தே மென்மைக்குத் தேர்வு செய்ய வேண்டும். தொடக்கத்தில் இதை உணராமல், ஒரு கதிரின் மென்மையை அந்த மணிகளின் குணமாகவே எடுத்துக்கொண்டு அடுத்த பருவத்தில் நான் ஏமாந்ததுண்டு. மென்மையான கதிரின் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தோல் தடித்துவந்தன. கதிரின் நுனிவரை உறை மூடுவதும், வரிசைகளின் எண்ணிக்கையும், செடியின் உயரமும், நோய் தாங்குவதும் இதே போலச் செடிக்கு உரிய பண்புகள்.

பல மரபணுக்களால் ஆளப்படும் பண்பில் தாவரத்தின் தோற்றம் முழுவதும் பரம்பரையால் வருவதில்லை. எருக்குழி ஓரத்தில் நின்ற செடி எப்போதும் உயரமாகவே இருக்கும். ஆகவே ஒற்றைச் செடியை நம்பாமல், ஒரு கதிரின் விதைகளை ஒரு வரிசையாக 60 x 25 செ.மீ. இடைவெளியில் விதைத்து, அதையே வேறு இடத்தில் இன்னொரு முறையும் விதைத்து, வரிசையின் சராசரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அடிச்சாம்பல் நோய்க்குத் தேர்வு செய்பவர், நோய்க்கு எளிதில் இலக்காகும் ஒரு வகையை ஓரங்களில் சில வாரங்கள் முன்னதாக விதைத்து நோயைப் பரவவிட்டால்தான் தாங்குபவற்றையும் தற்செயலாகத் தப்பியவற்றையும் பிரித்தறியலாம்.

சுவைத் தேர்வுக்கு மகரந்தம் இட்ட 20-ஆம் நாளை ஒட்டி, எல்லா வரிசையிலும் ஒரே வயதில் கதிர் பறிக்க வேண்டும். விதைக்காக வைத்திருக்கும் கதிரை இதற்காக உரிக்கக் கூடாது; அதே வரிசையில் இன்னொரு கதிரை எடுக்கலாம். சாற்றின் இனிப்பை அளக்கப் பயன்படும் ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் பிரிக்ஸ் அளவை ஓரளவுக்கு மட்டும் நம்புங்கள். அது கரைந்துள்ள எல்லாப் பொருளையும் சேர்த்தே அளக்கிறது. சுகரி வகையில் ஃபைட்டோகிளைக்கோஜனும் அதில் சேர்ந்துவிடுவதால் இனிப்புக்கும் அளவுக்கும் தொடர்பு குறைகிறது. மூன்று பேர் பெயர் தெரியாமல் தின்று மதிப்பெண் இடுவது இதைவிட நல்ல கருவி.

எத்தனை செடி, எத்தனை கதிர்

தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் ஒவ்வொரு பருவமும், இரு வேறு வடிவங்கள் இணையாக இருக்கும் மரபணுக்களின் பங்கைப் பாதியாக்கும். இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடு என்றால், ஆறாம் தலைமுறையில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் மிஞ்சும். செடிகள் குட்டையாகும், கதிர் சிறுக்கும், மகரந்தம் குறையும். மக்காச்சோளத்தின் இயல்பு இது. எனவே முதலில் நிறைய வழிகளைத் தொடங்கி, தாங்காதவற்றைத் தயங்காமல் விட வேண்டும்.

தூய வழி வேண்டாம், தன் வீட்டு விதையாகத் திறந்த மகரந்தச் சேர்க்கையில் பேணும் ஒரு கூட்டம் போதும் என்பவர் வேறு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு (உறவுச் செடிகளுக்குள் நடக்கும் கலப்பு), பெற்றோர் எண்ணிக்கையின் இரு மடங்கில் ஒரு பங்கு வீதம் ஏறும்: பத்துச் செடியிலிருந்து விதை எடுத்தால் 5 விழுக்காடு, நூறு செடியிலிருந்து எடுத்தால் 0.5 விழுக்காடு. கூட்டத்தில் 5 விழுக்காடு அளவில் இருக்கும் ஓர் அரிய மரபணு வடிவம் நழுவாமல் இருக்க, அது கிடைப்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால், குறைந்தது முப்பது செடிகள் தேவை. பெரிய கதிரிலிருந்து கை நிறைய எடுக்காமல் ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில் மணி எடுப்பது, செலவில்லாமல் பன்முகத்தன்மையைக் காக்கும் வழி. இத்தகைய கூட்டத்தைத் தானிய மக்காச்சோள வயல்களிலிருந்து குறைந்தது 400 மீட்டர் தள்ளியோ, பூக்கும் காலம் ஒன்றோடொன்று படாதபடி மூன்று வாரம் தள்ளியோ விதைக்க வேண்டும்.

கலப்பினம் வேண்டுபவர், தொடர்பில்லாத இரண்டு கூட்டங்களைத் தொடக்கம் முதலே தனித்தனியாக வளர்த்து, ஒன்றின் வழிகளை மற்றொன்றின் வழிகளோடு மட்டும் சோதனைக் கலப்புச் செய்ய வேண்டும். கலப்பின வீரியம் பெற்றோரிடையே உள்ள மரபு வேறுபாட்டிலிருந்தே வருகிறது. இரு பக்கமும் ஷ்ரங்கன்2-ஏ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கும் தளராது.

கதிர்கள் செடியிலேயே நன்கு முற்றிய பிறகு பறித்து, முதலில் நிழலிலும் பிறகு இளவெயிலிலும் உலர்த்துங்கள். சுருங்கிய மணியில் மாவுச்சேமிப்பு குறைவு, தோல் எளிதில் விரிசல் விடும். ஆகவே இயந்திரத்தில் அடிக்காமல் கையால் உதிர்க்க வேண்டும். விதைப்பதற்கு முன் ஊறவைக்கும் வழக்கம் இந்த வகைக்கு ஆகாது: நீரை வேகமாக உறிஞ்சும்போது திசு சிதைந்து சர்க்கரை வெளியே கசிய, பூசணம் அதை நாடி வந்துவிடும். ஒவ்வொரு வழியிலிருந்தும் நூறு விதையை ஈர மணலில் இட்டு ஏழாம் நாள் எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கதிரின் எண்ணோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஷ்ரங்கன் வகையில் வழிக்கு வழி முளைப்பு பெரிதும் வேறுபடும். அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி மரபுவழி வருவதால், அதுவும் தேர்வுக்கு உரிய ஒரு பண்பே.